முதலாண்டுக் கருத்தரங்கு: பொறிநுட்ப இடரும் படிக்கும் முறையும்

பள்ளியை விட்டுக் கல்லூரிக்குள் நுழையும் மாணவர்க்கு முதலில் மாறுவது பாடமன்று, பொறுப்பு. பள்ளியில் இன்ன நாளில் இன்ன பாடம், இன்ன பக்கம், இன்ன வினா என்று ஆசிரியரே வரையறுத்துக் கொடுப்பார். வீட்டுப்பாடம் செய்யாதவரை மறுநாளே கேட்டுவிடுவார். கல்லூரியிலோ விரிவுரையாளர் வருவார். ஒரு மணி நேரம் பேசுவார். படிக்க வேண்டிய நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். தேர்வு பல வாரங்கள் கழித்தே வரும். இடையில் மாணவர் படித்தாரா, படித்தது விளங்கிற்றா என்று கேட்பார் எவருமிலர். பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவருள்ளும் சிலர் கல்லூரியின் முதலாண்டில் தடுமாறுகின்றனர். அறிவு குறைந்ததனால் அன்று. தம் கல்வியைத் தாமே அளந்து பார்க்கும் பழக்கம் அவர்க்கு அதுகாறும் தேவைப்படாமையால் என்க.

இக்குறையை நீக்குதற்கென அமெரிக்கக் கல்லூரிகளில் தோன்றி வளர்ந்த வகுப்பு முறையே முதலாண்டுக் கருத்தரங்கு. அதில் பொறிநுட்பத்தின் இடர்களைப் பொருளாகவும், படிக்கும் முறையைப் பயிற்சியாகவும் இணைத்துக் கற்பிப்பது ஒரு வகை. ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் இவ்விரண்டையும் ஏன் இணைக்க வேண்டும்? இணைப்பதால் விளையும் பயன் யாது? தமிழாசிரியர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது உண்டா? இவை ஆராய்தற்குரிய வினாக்கள்.

கருத்தரங்கு வந்த வழி

புதிதாகச் சேர்ந்த மாணவர்க்கெனத் தனி வகுப்பு நடத்தும் வழக்கம் புதியதன்று. 1888ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய வகுப்பு நடைபெற்றது. 1911ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்து ரீட் கல்லூரி அதனைப் பட்டத்திற்குரிய பாடங்களுள் ஒன்றாகவே கணக்கிட்டது. ஆயினும் அவ்வழக்கம் பின்னர் நலிந்தது. அது மீண்டும் உயிர்பெற்றதற்குக் காரணம் ஒரு கலவரமாகும்.

1970ஆம் ஆண்டு மே மாதத்தில் வியத்நாம் போரை எதிர்த்து அமெரிக்க மாணவர் பல இடங்களிலும் கிளர்ந்தெழுந்தனர். கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர் சுடப்பட்டு இறந்தனர். அதே மாதத்தில் தென் கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் அதன் ஆட்சி அலுவலகக் கட்டடத்துள் புகுந்தனர். அப்போது அதன் தலைவராக இருந்தவர் தாமஸ் ஜோன்ஸ். மாணவரை எவ்வாறு அடக்குவது என்ற வினாவோடு அவர் நின்றுவிடவில்லை. தம்மை வளர்க்கும் நிறுவனத்தையே மாணவர் பகையாகக் கருதும் நிலை எங்ஙனம் வந்தது என்றும் எண்ணிப் பார்த்தார். அதன் பயனாக 1972இல் 'யூனிவர்சிட்டி 101' என்னும் முதலாண்டு வகுப்புத் தொடங்கிற்று. 1974 முதல் ஜான் கார்ட்னர் என்பார் அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். அவர் முயற்சியால் அம்முறை வேறு பல கல்லூரிகளுக்கும், பின்னர்ப் பிற நாடுகளுக்கும் பரவியது.

இக்கருத்தரங்குகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. கல்லூரியின் நூலகம், விதிமுறை, உதவி நிலையங்கள் ஆகியவற்றை அறிமுகப்படுத்துவன சில. குறிப்பெடுத்தல், நேரம் வகுத்தல், தேர்வுக்கு ஆயத்தம் செய்தல் ஆகியவற்றையே கற்பிப்பன சில. ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனை ஆழ்ந்து கற்கும் வாயிலாகவே படிக்கும் முறையையும் பழக்குவன வேறு சில. மூன்றாம் வகையில் மாணவர் தொகை சிறிதாக இருக்கும். ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துவது குறைவு. மாணவர் படித்து வந்து உரையாடுவதே மிகுதி.

மூன்றாம் வகைக்கு ஒரு சிறப்பு உண்டு. பொருளில்லாமல் முறையை மட்டும் கற்பிப்பது கரையில் நின்று நீச்சல் பழக்குவது போன்றது. 'குறிப்பெடுப்பது எப்படி?' என்று ஒரு மணி நேரம் சொல்லக் கேட்ட மாணவர், மறுநாள் இயற்பியல் வகுப்பில் பழையபடியே எழுதிக்கொண்டிருப்பார். விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நேரும்போதுதான் முறை கைவரும்.

இடர் என்பது யாது?

பொறிநுட்ப இடரைப் பொருளாகக் கொள்வதில் இரண்டு வசதிகள் உள. ஒன்று, அஃது எந்த ஒரு துறைக்கும் முழுதும் உரியதன்று. இயற்பியலும், புள்ளியியலும், சட்டமும், அறநூலும், மொழியும் அங்கே ஒருங்கே வேண்டப்படும். பொறியியல் பயில வந்தவரும் இலக்கியம் பயில வந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசலாம். மற்றொன்று, பெரிய விபத்துகளை ஆராய்ந்த குழுக்களின் அறிக்கைகளுள் பல, பொதுமக்களும் படித்து அறியும் நடையில் எழுதப்பட்டவை. முதலாண்டு மாணவரும் முயன்றால் அவற்றைப் படிக்க முடியும்.

தொடக்கத்தில் மாணவர் அறிய வேண்டுவது தீங்குக்கும் இடருக்கும் உள்ள வேறுபாடு. கூரிய கத்தி தீங்கு செய்யவல்லது. அது பூட்டிய பெட்டியில் இருக்கும்போது இடர் சிறிது. குழந்தையின் கையில் இருக்கும்போது இடர் பெரிது. எவ்வளவு கேடு விளையக்கூடும் என்பதையும், அது நிகழும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்து எண்ணுவதே இடரை எண்ணுவதாகும்.

இத்துறையில் பெரிதும் பேசப்படும் நூல்களுள் ஒன்று சமூகவியலறிஞர் சார்ல்ஸ் பெரோ 1984இல் வெளியிட்டது. 1979இல் பென்சில்வேனியாவின் மூன்றுகல் தீவு அணு உலையில் நேர்ந்த விபத்தே அவரை அவ்வாராய்ச்சிக்குத் தூண்டியது. உறுப்புகள் பலவாகி, ஒன்றையொன்று எதிர்பாராத வகையில் தாக்குமாறு அமைந்து, நின்று திருத்துதற்கு இடைவெளியும் இல்லாத அமைப்புகளில் விபத்து இயல்பாகவே நேரும் என்பது அவர் கொள்கை. தனி ஒருவரின் கவனக்குறைவைக் காட்டிப் பழிசுமத்துவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடாது என்பது அதன் கருத்து. இனி, மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இக்கருத்தரங்கின் போக்கை விளக்கலாம்.

சேலஞ்சர்: விடுபட்ட எண்கள்

1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73ஆம் நொடியில் சிதறியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை.

அக்கலத்தின் இருபுறமும் இருந்த எரிபொருள் ஊர்திகள் பல துண்டுகளாகச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்துவாயில் சூடான வளி கசியாதபடி ரப்பர் வளையங்கள் அடைத்திருக்கும். குளிரில் ரப்பர் விறைத்துவிடும். அழுத்தம் மாறும்போது விரைந்து விரிந்து இடைவெளியை மூடாது. இதனை அறிந்த பொறியாளர், 12 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே ஏவுதல் கூடாது என்று முதல்நாள் மாலையே தொலைபேசிக் கூட்டத்தில் கூறினர். அவர்களுள் ரோஜர் பாய்சலி என்பார் அதற்கு ஆறு மாதம் முன்னரே எழுத்து மூலமாக எச்சரித்திருந்தார். எனினும் மேலாளர் அக்கருத்தை ஏற்காது ஏவுதற்கு இசைந்தனர். ஏவிய நேரத்தில் வெப்பநிலை ஏறக்குறைய 2 பாகை.

மாணவர் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் அக்கூட்டத்தில் எண்களைக் கையாண்ட முறையாகும். வளையம் பழுதுற்ற பயணங்களையே எடுத்து நோக்கினர். அப்பழுது குளிர்நாளிலும் நேர்ந்திருந்தது, வெப்பநாளிலும் நேர்ந்திருந்தது. ஆகவே குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டென்பது தெளிவாகத் தோன்றவில்லை. பழுதுறாத பயணங்களையும் சேர்த்து நோக்கிய ஆராய்ச்சிக் குழு கண்டது வேறு. முன்னர் நிகழ்ந்த 24 பயணங்களுள், வளையத்தின் வெப்பம் ஏறக்குறைய 19 பாகையும் அதற்கு மேலும் இருந்தவை 20. அவற்றுள் பழுது கண்டவை மூன்றே. 17 பாகையும் அதற்குக் கீழும் இருந்தவை நான்கு, அந்நான்கும் பழுதுற்றவை! உண்மை எண்களில் இருந்தது. ஆனால் பாதி எண்களே மேசைமேல் இருந்தன.

அமெரிக்க ஆசிரியர் சிலர் இந்நிகழ்ச்சியை மோட்டார்ப் பந்தயக் கதையாக உருமாற்றி மாணவர்க்குக் கொடுப்பதுண்டு. இயந்திரம் பழுதுபட்ட பந்தயங்களின் விவரம் மட்டும் முதலில் தரப்படும். குளிர்ந்த நாளில் வண்டியை ஓட்டலாமா, ஆகாதா என்று முடிவு செய்ய வேண்டும். பழுதுபடாத பந்தயங்களின் விவரம் எங்கே என்று கேட்கத் தோன்றாமலே 'ஓட்டலாம்' என்று முடிவு கூறுவோர் பலர். பின்னர் உண்மைக் கதை வெளிப்படும்போது வகுப்பில் எழும் அமைதி, பல விரிவுரைகள் கற்பிக்க இயலாத பாடத்தைக் கற்பித்துவிடும்.

சமூகவியலறிஞர் டயான் வாகன் 1996இல் வெளியிட்ட நூலில் மற்றொன்றை விளக்கினார். முதன்முறை வளையம் கருகியபோது அனைவரும் திடுக்கிட்டனர். அதன் பின்னும் கலம் நலமாகத் திரும்பி வரவே, கருகுதல் 'ஏற்கத்தக்க' நிகழ்ச்சியாயிற்று. பிறழ்வே வழக்கமாகிவிட்டது. இதுவரை கெடவில்லை என்பதையே இனியும் கெடாது என்பதற்குச் சான்றாகக் கொண்டனர்.

சிராங்கூன் சாலையில் ஒரு கட்டடம்

இரண்டாம் நிகழ்ச்சி சிங்கப்பூர் வாசகர்க்கு மிக அணித்தானது. சேலஞ்சர் சிதறிய அதே ஆண்டில், மார்ச்சு 15ஆம் நாள், சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடுமிடத்தில் இருந்த ஆறு மாடி லியான் யாக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் இடிந்து விழுந்தது. நியூ வேர்ல்டு ஓட்டல் அதில் இயங்கியதால் அப்பெயராலேயே அவ்விபத்து வழங்குகிறது. 33 பேர் உயிரிழந்தனர். 17 பேர் மீட்கப்பட்டனர். அப்போது நிலத்தடி ரயில் பாதை அமைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சுரங்க வல்லுநரும் வந்து, இடிபாட்டின் கீழே வழி குடைந்து மீட்புப் பணியில் உதவினர்.

காரணம் யாது என்று பலரும் பலவாறு கருதினர். வெடியோ, சுரங்க வேலையோ, பின்னர் ஏற்றிய கூடுதற் பாரமோ என்றெல்லாம் ஐயுற்றனர். ஆராய்ந்து கண்ட முடிவு திகைக்க வைத்தது. கட்டடத்தைத் திட்டமிட்டவர், அதில் வாழ்வோர், பண்டங்கள் ஆகியவற்றின் பாரத்தைக் கணக்கிட்டிருந்தார். கட்டடம் தன்னைத் தானே சுமக்க வேண்டிய பாரத்தைக் கணக்கில் சேர்க்கவேயில்லை! 1971இல் எழுப்பிய அக்கட்டடத்தின் தூண்கள் தாங்கமாட்டாத சுமையைப் பதினைந்து ஆண்டுக் காலம் தாங்கி நின்றன. நின்ற ஒவ்வோர் ஆண்டும் அஃது உறுதியானது என்ற எண்ணத்தையே வலுப்படுத்திற்று.

இதன் பின் 1989இல் சிங்கப்பூரில் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பொறியாளர் கணக்கிட்டதை அவரோடு தொடர்பில்லாத மற்றொரு தகுதிபெற்ற பொறியாளர் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கும் முறை வந்தது. கட்டி முடித்தபின்னும் குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும், ஏனையவற்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்ற விதியும் ஏற்பட்டது. இதில் அடங்கிய கருத்து எளியது. தான் செய்த பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. அதே கணக்கை அதே கண் நூறு முறை பார்த்தாலும் விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கும். வேறொரு கண் வேண்டும்; வேறொரு வழியும் வேண்டும்.

தெராக் 25: பொருளறியாத எச்சரிக்கை

மூன்றாவது, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் தெராக் 25 என்னும் கருவி பற்றியது. கனடாவில் செய்யப்பட்ட அக்கருவியால் 1985 சூன் முதல் 1987 சனவரி வரை ஆறு நோயாளிகள் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் அதனாலேயே இறந்தனர். அதற்கு முந்திய கருவிகளில், தவறு நேர்ந்தால் கதிரைத் தடுத்து நிறுத்தும் இயந்திரப் பூட்டுகள் இருந்தன. புதிய கருவியில் அவற்றை நீக்கிவிட்டு, அவ்வேலையையும் கணிப்பொறியின் மென்பொருளிடமே ஒப்படைத்தனர். பழைய கருவியின் மென்பொருளிலும் அத்தகைய பிழை ஒன்று இருந்தது. பூட்டு காத்து வந்தமையால் அது வெளித்தெரியவில்லை. பூட்டை எடுத்தபின் பிழை உயிரைக் குடித்தது.

தவறு நேரும்போது திரையில் 'பிழை 54' என்பது போன்ற ஓர் எண் தோன்றும். அதன் பொருளைக் கருவியோடு தந்த கையேடு விளக்கவில்லை. அத்தகைய அறிவிப்புகள் நாள்தோறும் பல தோன்றும். ஒரு விசையைத் தட்டினால் வேலை தொடரும். ஆகவே இயக்குவோர் தட்டிவிட்டுத் தொடரப் பழகிவிட்டனர். கருவியை விற்றவரிடம் கேட்டபோதோ, இத்தகைய விபத்து வேறெங்கும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்ற விடையே கிடைத்தது. இறுதியில் டெக்சாஸ் மாநில மருத்துவமனை ஒன்றின் இயற்பியலறிஞரும் கருவியை இயக்கிய பெண்மணியும், அப்பிழையைத் தாமே மீண்டும் தோன்றச் செய்து பார்க்க முயன்றனர். தட்டெழுத்தில் தேர்ந்த கை ஒரு திருத்தத்தைச் சில நொடிக்குள் விரைந்து செய்தால் பிழை தோன்றுகிறது என்று கண்டுபிடித்தனர். பன்முறை சோதித்த பொறுமையே உண்மையைக் காட்டிற்று.

பிழையை மறைக்காமல் சொல்லும் வழக்கம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு எதிர்மறைச் சான்று இது. உடன்பாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தாம் செய்த பிழைகளைப் பெயர் வெளிப்படாதவாறு தெரிவிக்கும் ஏற்பாடு நடைபெற்று வருகிறது. அதனை நடத்துவது தண்டிக்கும் துறையன்று. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசா. ஒருவர் தப்பிப் பிழைத்த ஆபத்து ஓராயிரம் பேருக்குப் பாடமாகிறது.

படிப்பவரின் இடர்

இனி, இவற்றிற்கும் படிக்கும் முறைக்கும் உள்ள தொடர்பைக் காணலாம். மேற்கூறிய மூன்றிலும் ஒரே பிழை மூன்று உருவில் வந்தது. நலமாக இருப்பது போன்ற உணர்வைச் சான்றாகக் கொண்டு, சோதித்துப் பார்க்காமல் இருந்துவிட்டதே அப்பிழை. மாணவர் படிக்கும்போது செய்யும் தலையாய பிழையும் இதுவே ஆகும்.

தேர்வுக்கு முன் மாணவர் செய்வது யாது? பாடத்தை மீண்டும் மீண்டும் படிப்பர். முக்கியமான வரிகளின்கீழ்க் கோடிடுவர். மூன்றாம் முறை படிக்கும்போது எல்லாம் பழகியதாகத் தோன்றும். 'இது எனக்குத் தெரியும்' என்ற நிறைவு உண்டாகும். ஆனால் பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு. பாராமலே எடுத்துச் சொல்ல வருவது வேறு. முன்னதைப் பின்னது என்று மயங்குவதுதான் படிப்பவர்க்கு நேரும் இடர்.

இம்மயக்கத்தை அளந்து காட்டிய ஆராய்ச்சிகள் உள. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தைக் கணக்கிட்டு 1885இல் நூலாக வெளியிட்டார். மறுமுறை கற்கும்போது மிச்சமாகும் உழைப்பைக் கொண்டு அவர் அளந்தார். இருபது நிமிடத்தில் மிச்சம் 58 விழுக்காடாயிற்று; ஒரு நாளில் ஏறத்தாழ 34; ஒரு மாதத்தில் 21. முதல் மணி நேரத்திலேயே பெரும்பகுதி கழிந்துபோகிறது. பின்னர்க் கழிவு மெல்ல நடைபெறுகிறது.

2006இல் அமெரிக்க அறிஞர் ரோடிகரும் கார்பிக்கேயும் வெளியிட்ட சோதனை இன்னும் நேரானது. மாணவர் ஒரு சாரார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை அமர்ந்து படித்தனர். மற்றொரு சாரார் ஒரு முறை படித்து, பின் மூன்று முறை நூலை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு முறை படித்தவர் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். படித்தவரே வென்றார் போலும்! ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவர் 40 விழுக்காட்டில் நின்றனர். எழுதிப் பார்த்தவர் 61 விழுக்காடு பெற்றனர். இதனினும் வியப்பானது வேறொன்று. பின்னர் நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர், மீண்டும் மீண்டும் படித்தவரே. லியான் யாக் கட்டடம் உறுதியாக நிற்பதாக நம்பியது போன்ற நம்பிக்கை அது.

2013இல் டன்லாஸ்கி முதலிய அறிஞர் ஐவர், படிக்கும் முறைகள் பத்தினை எடுத்து அவை பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து மதிப்பிட்டனர். மிகுபயன் உடையனவென அவர் கண்டவை இரண்டே: தன்னைத் தானே வினவிச் சோதித்தல், பயிற்சியை ஒரே நாளில் குவிக்காமல் இடைவிட்டுச் செய்தல். கோடிடுதல், மீண்டும் படித்தல், சுருக்கி எழுதுதல் ஆகியவை பயன் குறைந்தவற்றுள் அடங்கின. மாணவர் பெரிதும் நம்புவன எவையோ அவையே பயன் குறைந்தனவாய் இருத்தல் கருதத்தக்கது.

குறிப்பும் வாசிப்பும்

இக்கருத்தரங்குகளில் பழக்கப்படும் முறைகள் பல புதியன அல்ல. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து ராபின்சன் 1946இல் விளக்கிய ஐந்து படிகள் இன்றும் வழக்கில் உள. முதலில் பாடத்தின் தலைப்புகளை மேலோட்டமாக நோக்குதல். ஒவ்வொரு தலைப்பையும் வினாவாக மாற்றுதல். விடையைத் தேடிப் படித்தல். நூலை மூடி விடையைச் சொல்லிப் பார்த்தல். இறுதியில் முழுவதையும் மீள்பார்வை செய்தல். இவற்றுள் உயிர்ப்படி நான்காவது. அதனைத் தாண்டிச் செல்பவரே மிகப் பலர்.

கார்னெல் பல்கலைக்கழகத்து வால்ட்டர் பாக் வகுத்த குறிப்பு முறை, 1962இல் வெளிவந்த அவர் நூலால் பரவியது. தாளின் இடப்புறத்தில் ஒரு குறுகிய பத்தி விடவேண்டும். வலப்புறத்து அகன்ற பத்தியில் வகுப்பில் கேட்டதை எழுத வேண்டும். வகுப்பு முடிந்தபின் இடப்புறத்தில் அதற்குரிய வினாக்களையும் குறிச்சொற்களையும் எழுத வேண்டும். தாளின் அடியில் இரண்டு மூன்று வரியில் சாரத்தை எழுத வேண்டும். படிக்கும்போது வலப்புறத்தை மறைத்துக்கொண்டு, இடப்புறத்து வினாவுக்கு விடை சொல்ல வேண்டும். தாளே சோதிப்பவராக மாறிவிடுகிறது.

கையால் எழுதுவது சிறந்ததா, கணிப்பொறியில் தட்டெழுதுவது சிறந்ததா என்ற வினாவும் இங்கே எழும். 2014இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, கையெழுத்தே சிறந்தது என்று கூறிப் புகழ்பெற்றது. 2019இலும் 2021இலும் அதனை மீண்டும் செய்து பார்த்தோர்க்கு அத்துணைத் தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. இதனைக் கருத்தரங்கு மாணவர்க்கு மறைக்காமல் சொல்லுதல் நன்று. ஒரே ஆராய்ச்சியைக் கொண்டு முடிவு கட்டுவதும் ஓர் இடர் என்பதை அவர் அப்போது உணர்வர்.

செயற்கை நுண்ணறிவு

பொறிநுட்ப இடரும் படிக்கும் முறையும் இன்று ஒரே புள்ளியில் வந்து கூடியுள்ளன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி வெளிவந்த பின், கேட்ட கட்டுரையை நொடியில் எழுதித் தரும் கருவி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. 2023இல் நியூயார்க்கு வழக்கறிஞர் இருவர் அப்பொறி எழுதித் தந்த வழக்குச் சான்றுகளை நீதிமன்றத்தில் அளித்தனர். அவ்வழக்குகள் எவையும் நடந்தவையே அல்ல, பொறி கற்பித்தவை. நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. கற்றோரே சோதியாமல் நம்பினர் என்றால் முதலாண்டு மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

பொய்யான விடை ஓர் இடர். மெய்யான விடையும் இடராகலாம் என்பதைத் துருக்கி நாட்டில் நடந்த ஆராய்ச்சி ஒன்று காட்டுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ ஆயிரவரைக் கொண்டு செய்த அச்சோதனையின் முடிவு 2025இல் அறிவியல் இதழில் அச்சாயிற்று. கணக்குப் பயிற்சியின்போது செயற்கை நுண்ணறிவுப் பொறியைப் பயன்படுத்திய மாணவர், பயிற்சியில் 48 விழுக்காடு மிகுதியாக மதிப்பெண் பெற்றனர். பின்னர்ப் பொறியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதனைத் தொட்டறியாத மாணவரைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். விடையைச் சொல்லாமல் ஆசிரியர் வகுத்த குறிப்புகளை மட்டுமே தருமாறு அமைத்த வேறொரு பொறியைப் பயன்படுத்தியவர்க்கு அத்தீங்கு பெரிதும் நேரவில்லை.

இதன் பொருள் யாது? தெராக் கருவியில் நீக்கப்பட்ட பூட்டுப் போன்றது மாணவர் தாமே முயலும் முயற்சி. அது வேகத்தைக் குறைக்கிறது, தொல்லையாகவும் தோன்றுகிறது. அதனை எடுத்துவிட்டால் வேலை விரைவாக நடக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் அறியாமையை வெளிக்காட்டித் தடுக்கும் காவல் அப்போது இல்லாமற் போகிறது. பொறியை விலக்க வேண்டும் என்பதன்று முடிவு. எந்த வேலையைப் பொறிக்குக் கொடுக்கிறோம், எந்தக் காவலை இழக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே முடிவு.

குறைகளும் வரம்பும்

முதலாண்டுக் கருத்தரங்கு எல்லாக் குறைக்கும் மருந்தன்று. வறுமையாலும் வேலைச் சுமையாலும் படிப்பை நிறுத்தும் மாணவர்க்குக் குறிப்பெடுக்கும் முறையைக் கற்பிப்பதால் மட்டும் துயர் தீராது. ஒரு பருவம் மட்டும் நடத்திவிட்டு, பிற வகுப்புகள் எல்லாம் மனப்பாடத் தேர்வையே நம்பி நடக்குமாயின் கற்ற பழக்கமும் நிலைக்காது. பொருளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். விபத்துக் கதைகளையே அடுக்கிக்கொண்டு போனால், பொறி என்றாலே கேடு என்ற அச்சம் மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடும். அச்சம் அறிவாகாது. பிழையைக் கண்டு சொல்லும் முறை வளர்ந்ததால்தான் கட்டடமும் விமானமும் முன்னினும் பாதுகாப்புடையனவாயின என்ற மறுபக்கத்தையும் காட்ட வேண்டும்.

தமிழாசிரியர்க்குரியது

தமிழ் வகுப்பிலும் இதன் சாரத்தைக் கொள்ளலாம். அதற்குத் தனி வகுப்போ புதுக் கருவியோ வேண்டுவதில்லை. பாடம் முடிந்ததும் மாணவர் நூலை மூடி, தாம் கற்றதை ஐந்து நிமிடம் எழுதட்டும்; அதற்கு மதிப்பெண் வேண்டா. சென்ற வாரப் பாடத்தில் ஒரு வினாவும், சென்ற மாதப் பாடத்தில் ஒரு வினாவும் நாள்தோறும் கேட்கப்படட்டும். ஒருவர் எழுதிய கட்டுரையை அவரே நூறு முறை பார்ப்பதினும், அடுத்திருப்பவர் ஒருமுறை பார்த்துப் புரியாத இடத்தைக் குறித்துக் காட்டட்டும். புணர்ச்சி விதிக்கு எடுத்துக்காட்டுகள் கேட்கும்போது, விதிக்குப் பொருந்துவனவற்றோடு பொருந்தாதனவற்றையும் சேர்த்துத் தேடச் சொல்லலாம். சேலஞ்சர்க் கூட்டத்தில் விடுபட்ட எண்களின் பாடம் அங்கே பயன்படும். எல்லாவற்றிற்கும் மேலாக, 'எனக்கு விளங்கவில்லை' என்று எழுந்து சொல்லும் மாணவரை நகையாடாத வகுப்பாக அஃது இருத்தல் வேண்டும். விளங்காமையை மறைக்கும் மாணவர், எச்சரிக்கை எண்ணைத் தட்டிவிட்டுத் தொடரும் கருவியாளரை ஒப்பர்.

கற்கும் முறை பற்றிய ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கிட்டுவது காற்பங்கு அறிவே என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்றும் பகுத்துக் கூறுகிறது. அக்கணக்கு சோதனைச்சாலையில் அளந்த கணக்கன்று. ஆசிரியத் தொழிலின் பட்டறிவால் வந்தது. எனினும் அது சுட்டும் திசை தெளிவானது. கேட்டதோடு கல்வி நிறைவதில்லை. எடுத்துச் சொல்லிப் பார்க்கும்போதுதான் இருப்பது எது, இல்லாதது எது என்பது தெரியவரும்.

முதலாண்டு மாணவர் நாளை பாலம் கட்டலாம், மருந்து கொடுக்கலாம், கணிப்பொறிக்கு ஆணை எழுதலாம், வகுப்பில் நின்று பாடம் சொல்லலாம். அவர் கையில் பிறர் உயிரும் பிறர் அறிவும் ஒப்படைக்கப்படும். 'இது சரி என்று எனக்கு எவ்வாறு தெரியும்?' என்ற வினாவைத் தம் பாடக்குறிப்பை நோக்கி இன்று கேட்கப் பழகியவரே, நாளை ஒரு கட்டடத்தின் கணக்கை நோக்கியும் அதே வினாவைக் கேட்பார். அந்த ஒரு வினாவைப் பழக்கிவிடுவதே இத்தகைய வகுப்பின் முடிந்த பயனாகும்.